ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று

மதினி,

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தேன். மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில் பஸ் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கினார். தூக்கிய உடனே அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பெட்ரோல், சூடான எண்ணெய், வயருக்கு மேலே சுற்றியிருக்கும் நூல் கருகிய நெடி. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் என் கை தானாகப் போய் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

என்னால் உட்கார முடியவில்லை. எப்போதுதான் முடிந்தது என்று நீ கேட்பாய். இறங்கிப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கையில் கழன்றுபோன ஒரு வயர் இருந்தது. அதன் நுனியில் இருந்த பித்தளைக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டும் இடங்கள் இரண்டு காலியாக இருந்தன. கண்டக்டருக்குப் பொறுமை இல்லை.

“ஏதாவது ஒண்ணுல மாட்டிப் பாருங்கண்ணே. ஓடுனா ஓடட்டும்.”

“மாட்டாதீங்க!” என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் வெளியே எட்டிப் பார்த்தது.

டிரைவர் சிரித்தார். “ஏன் ஆச்சி, எது எங்க போவும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு வேலமரத்து நிழலில் போய் நின்றுகொண்டேன். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், வாசலிலிருந்து கொல்லைக்குப் போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று என்னிடம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த நடை நிற்காது என்று தெரிந்துபோனதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அண்ணனுக்கு வாக்கப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் உன்னை நீ, வா, போ என்றுதான் பேசினேன். “அண்ணன் பொண்டாட்டிட்ட மருவாதியாப் பேசுட்டி” என்று என் ஆத்தா தலையில் குட்டுவாள். மாமன் மகளாகப் பிறந்து என்னோடு பாண்டி ஆடியவளைத் திடீரென்று எப்படி நீங்கள் என்பது? என்னைவிட நீ இரண்டு வயதுதான் மூத்தவள். ஆனால் நீ ஒரு வேலையைத் தொட்டால் நிதானமாகத் தொடுவாய், நான் பத்து வேலையைத் தொட்டு ஒன்பதைக் கெடுப்பேன். அண்ணன் மோட்டார் வாங்கி வந்த வருஷம் என் வீட்டுக்காரர் ரங்கூனில் இருந்தார். கடிதம் வருமா வராதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நான் உங்கள் வீட்டில் கிடந்தேன். கையும் காலும் சும்மா இருக்காத காலம் அது.

அந்த மோட்டாரை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துப் போட்ட வண்டி. இரண்டு ஜோடி உழவுமாட்டையும் விற்று அண்ணன் அதை வாங்கினான். ரயில் அப்போது நம் பக்கம் வரவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஜனங்கள் மாட்டுவண்டியில்தான் ஆடி ஆடிப் போவார்கள். இந்தப் பாதையில் ஆள் ஏற்றி ஓட்ட ஒரே ஒரு மோட்டாருக்குத்தான் லைசென்ஸ் என்றார்கள். நம்மைப் போலவே இன்னொருவரும் மோட்டார் வைத்துக்கொண்டு அதே லைசென்ஸுக்கு அலைந்தார். விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லைசென்ஸ் கொடுக்கிற துரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து வண்டியைப் பார்ப்பார், தானாக ஓடி வருகிற வண்டியைத்தான் பார்ப்பார், மாடு கட்டி இழுத்து வந்தால் கிட்டவே சேர்க்கமாட்டார் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் நம்மிடம் உழ மாடும் இல்லை, ஓட்ட மோட்டாரும் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முந்திதான் எனக்குப் புத்தி கெட்டது.

ஆயுத பூசை அன்றைக்கு. அரிவாள், கடப்பாரை, உழக்கு, உன் அரிவாள்மனை எல்லாவற்றையும் துலக்கி வரிசையாக வைத்தாயிற்று. அண்ணன் பூவும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். நான் மோட்டாரின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, காற்றாடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட மூடி. அதைச் சுற்றி நான்கு பித்தளைக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் ஒரு வயர் பூட்டியிருந்தது. டிரைவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் இருந்த மரப்பெட்டியிலிருந்து அந்த நான்கு வயரும் ஒரே உறைக்குள் வந்து, இங்கே பிரிந்து நான்கு குமிழுக்கும் போயின. அவற்றின் பித்தளை முனைகள் எண்ணெய் பிடித்துக் கறுத்துக் கிடந்தன. சாமிக்கு முன்னால் வைக்கிற சாமானைக் கறுப்பாக வைப்பார்களா?

“அவிய வரட்டும்ட்டி. அதத் தொடாத,” என்று நீ சொன்னாய். அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்து சொன்னாய்.

“செத்த நேரம் மதினி. தேச்சுட்டு மாட்டிருதேன்.”

நான்கையும் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாட்டம் வந்தது. அதோடு விட்டேனா? வயரின் மேல்நூலும் அழுக்காக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒவ்வொரு வயரின் நூலிலும் ஒரு வண்ண இழை ஓடியதாம், எந்த வயர் எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். எனக்கென்ன தெரியும்? துணியில் கறுப்போடு கொஞ்சம் சிவப்பும் பச்சையும் ஒட்டி வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு மாட்டினேன். ஒரு குமிழில் மட்டும் அண்ணன் ஆணியால் கீறி வைத்திருந்தான், அது முதலாவது என்று தெரியும். அங்கே தொடங்கி, உறையிலிருந்து வயர்கள் வெளியே வந்த வரிசையிலேயே, கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாக ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போனேன். வேறு எந்தப் பக்கம் போவேன்? பூசை நாளில், பூசைக்கு வைக்கிற சாமானில், யாராவது இடமாகச் சுற்றுவார்களா? நான்கு குமிழிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “அடேயப்பா, மின்னுதே!” என்றான். கழற்றி மாட்டினேன் என்று நான் சொல்லவில்லை, துடைத்திருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆயுதத்தைத் தொடக்கூடாத நாள் அல்லவா, அன்றைக்கு அவன் வண்டியைக் கிளப்பவும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் வண்டிக்கு முன்னால் குனிந்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற கைப்பிடியை ஒரு சுற்று இழுத்தான். வெடி வெடித்தது போல ஒரு சத்தம். கைப்பிடி எதிர்ப்பக்கமாக உதறித் திரும்பியது. அண்ணன் “ஐயோ அம்மா” என்று வலது கையைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டான். மணிக்கட்டு இருந்த இடத்தில் இல்லை. உன் இடுப்பில் குழந்தை இருந்தது, ஒரு வயதுகூட நிரம்பாதவள். நீ குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாய்.

“வயர எவ தொட்டா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் அண்ணன்.

“நாந்தாண்ணே.”

“நெனச்சேன்,” என்றான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரை வ. புதுப்பட்டியிலிருந்து வண்டி அனுப்பிக் கூட்டி வந்தார்கள். மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, வலி தெரியாமல் தூங்க ஓர் உருண்டை மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் கிறங்கிப் படுத்துவிட்டான். சாயந்திரத்துக்குள் காய்ச்சலும் வந்துவிட்டது. மோட்டார் விவரம் தெரிந்த வேறு ஆள் சுற்றுவட்டாரத்திலேயே ஒருவர்தான், அவர்தான் நமக்குப் போட்டி. அவரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நான் தலையில் அடித்துக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

“நடந்தது போதும். வா, அந்த வயரப் பாப்போம்,” என்றாய் நீ. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாய். உன் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

மரப்பெட்டியின் மூடியைத் திறந்தோம். உள்ளே செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி நான்கு கட்டைகள். அவற்றின் மேல் அண்ணன் சுண்ணாம்பால் ஒன்று முதல் நான்கு வரை எழுதியிருந்தான். நான்கு கட்டைக்கும் நான்கு வயர், ஒவ்வொரு கட்டையும் எஞ்சினின் ஓர் அறைக்கு நெருப்புப்பொறி அனுப்பும் என்று அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக் காட்டியது நமக்குத் தெரியும். ஆனால் எந்த வயர் எந்தக் கட்டையுடையது? உறைக்குள் நான்கும் முறுக்கிப் பின்னிக் கிடந்தன. இந்த முனையில் நான்கும் ஒரே நிறம், நான் தேய்த்த தேய்ப்பில் வெளுத்த நூல். உறையைக் கிழித்துவிடலாம் என்றேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

அதன் பிறகு நடந்ததற்கு என் பொறுமைகெட்ட கைதான் காரணம், அதில் மட்டும் எனக்குப் பெருமை. நான்கு வயரையும் குமிழிலிருந்து கழற்றித் தொங்க விட்டிருந்தோம். பெட்டிக்குள் மின்சாரத்தை விடுகிற சாவியை நான் எதற்கோ திருகி வைத்திருந்தேன். ஒரு வயரைப் பிடுங்காத குறையாக இழுத்துப் பார்த்தபோது, அதன் முனை நழுவி எஞ்சின் இரும்பில் பட்டது. சின்னப் பொறி தெறித்தது. அதே நேரம் மேலே பெட்டியில் வண்டு மாதிரி ஒன்று இரைந்தது. நான் பயந்து வயரை விட்டேன். இரைச்சல் நின்றது.

நீ பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். உன் கண் விரிந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

“ஏட்டி, திரும்பத் தொடு.”

தொட்டேன். இரைந்தது.

“மூணாவது கட்ட. மூணாவதுதான் துடிக்கி. விடு. அடுத்தத வை.”

அடுத்ததை வைத்தேன். “இது ஒண்ணு,” என்றாய். பிறகு நான்கு. பிறகு இரண்டு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க மறுபடியும் தொடச் சொன்னாய். ஒவ்வொரு கட்டையின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாய். உன் பழைய சேலைக் கிழிசலைக் கிழித்து, முதல் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு என்று கட்டிவிட்டோம். வயர் எது என்று தெரிந்துபோனது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது, உள்ளே அண்ணன் முனகுகிற சத்தம் கேட்டதால் அடக்கிக்கொண்டேன்.

எந்தக் குமிழுக்கு எது என்பது மீதி. முதலாவது மட்டும் கீறலால் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தான். நான் ஓடிப்போய்க் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

“அண்ணே, வயர எந்த வரிசையில மாட்டணும்?”

“ஒண்ணு… ரெண்டு… நாலு… மூணு.”

“நாலுக்குப் பொறவா மூணு?”

“ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு,” என்று மறுபடியும் சொன்னான். எந்தப் பக்கமாகச் சுற்றி என்று நான் கேட்பதற்குள் கண் சொருகிவிட்டது. உலுக்கிப் பார்த்தேன், எழவில்லை.

“காய்ச்சல்ல ஒளறுதாவளோ?” என்றாய் நீ.

“ரெண்டு தடவையும் ஒண்ணு மாதிரித்தான சொன்னாவ,” என்றேன்.

விடிந்ததும் வண்டிக்குப் போனோம். மலைப்பக்கம் மேகம் கட்டிக் கிடந்தது, நமக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மைல் போக வேண்டும். அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் மருந்துத் தூக்கம். நான் முதல் வயரைக் கீறல் குமிழில் பூட்டினேன். அடுத்தது வலமா, இடமா?

முதல் தடவை வலமாகப் போனேன், அண்ணன் கை போனது. ஆகையால் இடமாகத்தான் இருக்க வேண்டும். இதுதான் மதினி நான் யோசித்தது, இவ்வளவுதான். முதல் தடவை வரிசையே தப்பு, வயரும் எது எதுவோ. அதை வைத்து வலம் தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? அது எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் கை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. இடமாக மாட்டி முடித்துவிட்டேன்.

“எடப்பக்கமாவா சுத்திருக்க?” என்றாய். உன் முகம் சுருங்கியது. அமங்கலம் என்று உனக்குப் பட்டிருக்கும்.

“ஆமா. இப்படித்தான்.”

“உறுதியா?”

“உறுதிதான் மதினி.”

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து ஏற்கெனவே இறுக்கிய மரையை மறுபடி இறுக்கினேன். அண்ணன் தினமும் செய்கிறதைப் பார்த்திருந்தபடி, நீ ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சின்னக் கம்பிகளை அவற்றின் இடத்தில் தள்ளி வைத்தாய். முன்னால் வந்து கைப்பிடிக்கு எதிரே குனிந்தாய். நான்தான் இழுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ இடது கையைப் போட்டுவிட்டாய். “பெருவெரல உள்ள விட்டு மடக்கக் கூடாது” என்று அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்கிற பாடத்தின்படி கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொண்டாய். உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. வீட்டில் ஒருவர் கை ஏற்கெனவே போயாயிற்று. உன் கையும் போனால் அந்தக் குழந்தையை யார் தூக்குவது? அந்த நேரத்தில் நான் நினைத்தது இதுதான். நினைத்துக்கொண்டு, “நில்லு மதினி, எனக்குத் தெரியாது” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரம் போகிறதே என்ற ஒரே பதைப்பு. கண்ணை மூடிக்கொண்டேன்.

நீ இழுத்தாய்.

ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாய். எஞ்சின் ஒரு தடவை தும்மியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. வண்டி முழுவதும் ஆட, நான்கு அறையும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கிற அந்தச் சத்தம்! நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. நீ நிமிர்ந்து இடது கையை வலது கையால் தடவிக்கொண்டாய், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு அண்ணன் எழுந்து வந்துவிட்டான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டான். தள்ளாடி வந்து குமிழ்களைப் பார்த்தான்.

“எடமா மாட்டிருக்கியே. அதுதான் சரி. யாரு சொன்னா ஒனக்கு?”

நான் உன்னைப் பார்த்தேன்.

“அந்த மூடியக் கழத்திட்டு, சாவிய அணைச்சு, கைப்பிடிய மெல்லத் திருப்புனா, உள்ள ஒரு உருள எந்தப் பக்கம் போவுதுன்னு கண்ணால பாக்கலாம். அப்படிப் பாத்தியா?”

“அவ எல்லாம் பாத்துத்தான் மாட்டினா,” என்று நீ குறுக்கே சொன்னாய். “மொதல்ல கெளம்புங்க. நேரமாச்சு.”

மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். அரைக்கால் நாழிகை வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றுகிற அளவுக்கு நான் நிற்கவே இல்லை.

அந்த வண்டிக்குக் கியர் மாற்றுவது காலால்தான், அதனால் தப்பித்தோம். அண்ணன் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வேகத்துக்கான கம்பியை, அவன் “கூட்டு, கொற” என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து நீ தள்ளினாய். பின்னால் குழந்தையோடு நான். வழி நெடுக வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “ஏலே, பொம்பள மோட்டார் ஓட்டுதாடா!” என்று ஒருவன் கூவினான். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாய் என்று நினைத்தேன். கை ஓயவில்லை உனக்கு, மூட நேரம் ஏது?

துரை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அண்ணனின் கட்டைப் பார்த்து என்னவோ கேட்டார். குமாஸ்தா தமிழில் கேட்டார், அண்ணன் கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னான். வண்டி சரியாக இருக்கிறது, கை சரியான பிறகு ஆள் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கை ஒருவழியாகச் சரியானது, முழுவதும் ஆகவில்லை. மணிக்கட்டு கொஞ்சம் கோணிக்கொண்டே நின்றது. கைப்பிடியை இழுக்க அண்ணனால் ரொம்ப நாள் முடியவில்லை. விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த கையோடு நீ வண்டியைக் கிளப்பிவிட்டு அடுப்படிக்குப் போவாய். நான் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவேன். எனக்குக் கொல்லையில் வேலை இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ரயிலும் வந்தது. அண்ணன் மோட்டாரைத் தள்ளிவிட்டு வேறு தொழில் பார்த்தான். உன் மகள் கல்யாணமாகிப் போனாள், அண்ணன் போய்ச் சேர்ந்தான். இத்தனைக்கும் நடுவில் அந்தக் காலையைப் பற்றி நாம் எத்தனையோ தடவை சிரித்துப் பேசியிருக்கிறோம். இடமாகச் சுற்றி மாட்டிய என் கெட்டிக்காரத்தனத்தை நானே பத்துப் பேருக்கு முன்னால் அளந்திருக்கிறேன். நீ தலையாட்டிக்கொண்டு கேட்பாய். எனக்கு உறுதியில்லாமல் இருந்தது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசியில் உன்னைப் பார்க்க வந்தேனே, அதுதான் கடைசி. கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். உன் பேத்திக்கு ஆலங்குளத்துப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் தங்கமானவன், உறுதியாகச் சொல்கிறேன் என்று நான் பேசிக்கொண்டே போனேன். நீ திடீரென்று சிரித்தாய்.

“ஏட்டி, பையன நீ பாத்தியா?”

“பாக்கலன்னா என்ன? விசாரிச்சேன்லா.”

“தெரியாத ஒண்ண உறுதின்னு சொல்லும்போது ஒனக்கு மூக்கு வெடைக்கும். சின்னதுலேருந்தே அப்படித்தான். அன்னைக்கும் வெடச்சுது.”

“என்னைக்கு?”

“அவிய கை ஒடிஞ்ச மறுநா காலையில. எடப்பக்கமா மாட்டிட்டு நின்னியே.”

என் கையிலிருந்த கடலை அப்படியே நின்றது. எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறாளே என்ற கோபம்.

“எனக்குத் தெரியலைன்னு தெரிஞ்சும் நீ ஏன் கையக் கொடுத்த? ஒடிஞ்சிருந்தா?”

நீ தலையை நிமிர்த்தவே இல்லை. தோலை ஊதிக்கொண்டே சொன்னாய்.

“நான் இழுக்கலேன்னா நீ இழுத்திருப்பல்லா.”

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து கிளம்பிவிட்டேன். நேரம் ஆகவில்லை மதினி, இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றுகொண்டு, திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அடுத்த தடவை வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்தில் ஆள் வந்து சொன்னான், நான் வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து உன் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டு நடக்கிறேன். உட்கார்ந்தால் அது எழுப்பிவிடுகிறது. என் கை முறியாமல் இருக்க, உன் கையைக் கொடுத்தாய். அதைத் தியாகம் கியாகம் என்று யாராவது சொன்னால் நீ அடிக்க வருவாய், எனக்குத் தெரியும். உனக்கு அது உலையில் அரிசி போடுகிற மாதிரி ஒரு வேலை. எனக்கு அப்படி இல்லை.

உறுதி என்று நான் வாய் கூசாமல் சொன்ன பாதி விஷயங்கள் எனக்குத் தெரியாதவை. ஆனால் அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் வந்த பதில் இது, கேட்டுக்கொள். ஆமாம் மதினி, நான் இழுத்திருப்பேன். நீ ஓரடி விலகியிருந்தால் அடுத்த நொடி என் கை அங்கே இருந்திருக்கும். இது எனக்கு உறுதியாகத் தெரியும். உண்மைதானா என்று என் மூக்கைப் பார்த்துச் சொல்லத்தான் நீ இல்லை.